ஊர் மறைத்த டப்பா

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் அட்லாண்டிக் அவென்யூ என்றொரு சாலை. லெபனானிலிருந்தும் சிரியாவிலிருந்தும் வந்தவர்கள் பல தலைமுறைகளாக மளிகைக் கடை வைத்திருக்கும் தெரு அது. 1948 முதல் அங்கே இருக்கும் சஹாதி கடையின் அலமாரியில், 2004-ஆம் ஆண்டு, பேரீச்சைப் பாகு அடைத்த தகர டப்பா ஒன்று இருந்தது. லெபனான் தயாரிப்பு என்று லேபிள் சொன்னது. அதைக் கையில் எடுத்த வாடிக்கையாளரிடம், உன் அம்மாவுக்கு இது ரொம்பப் பிடிக்கும், பாக்தாத் சரக்கு என்றார் கடைக்காரர்.

வாடிக்கையாளரின் பெயர் மைக்கேல் ராக்கோவிட்ஸ், ஒரு கலைஞர். அவருடைய தாய்வழித் தாத்தா பாட்டி பாக்தாத்காரர்கள். லெபனான் என்று எழுதிய டப்பாவுக்குள் பாக்தாத் எப்படி வந்தது என்று கேட்டார். கிடைத்த பதில் ஒரு கடத்தல் கதை மாதிரி இருந்தது. பாகு காய்ச்சுவது பாக்தாத்தில். பெரிய பிளாஸ்டிக் பீப்பாய்களில் ஊற்றி, லாரியில் ஏற்றி, எல்லை தாண்டி சிரியாவுக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே டப்பாவில் அடைக்கிறார்கள், லேபிள் ஒட்டுவதில்லை. மொட்டை டப்பாக்களாகவே லெபனான் போகிறது. லேபிள் ஒட்டுவது அங்கேதான். அதன் பிறகு உலகத்தில் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள்.

1990 ஆகஸ்டில் சதாம் உசேனின் படை குவைத்துக்குள் புகுந்தது. சில நாட்களில் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் இராக்கோடு வணிகத் தடை விதித்தது. பதின்மூன்று வருடம் நீண்ட தடை. அதைத் தாண்டுவதற்காகக் கண்டுபிடித்த பாதைதான் இந்த சிரியா, லெபனான் சுற்று. 2003 மே மாதம், அமெரிக்கப் படை பாக்தாத்தைப் பிடித்தபின், தடை நீங்கியது. சட்டப்படி இனிமேல் இராக் பேரீச்சை இராக் பேரீச்சையாகவே அமெரிக்காவுக்கு வரலாம். வரவில்லை. இராக் என்று எழுதிய பெட்டி துறைமுகத்தில் இறங்கினால் சோதனைக்கு மேல் சோதனை, ஒவ்வொரு சோதனைக்கும் கட்டணம். அந்தச் செலவைத் தாங்கி விற்றால் ஒருவரும் வாங்க மாட்டார்கள் என்று இறக்குமதியாளர்கள் சொன்னார்கள். தடை போய் ஒரு வருடத்துக்கு மேலாகியும் டப்பா பழைய பொய்யைச் சொல்லிக்கொண்டே அலமாரியில் நின்றது.

தன் ஊர்ப் பெயரைச் சொல்லக் கூசுகிற சரக்கு அல்ல இராக் பேரீச்சை. உலகச் சந்தையின் பெரும்பங்கு ஒரு காலத்தில் அங்கிருந்துதான் போனது. டைக்ரிசும் யூப்ரடீசும் சேர்ந்து ஷத்-அல்-அரப் என்ற ஒரே ஆறாகிக் கடலுக்குப் போகும் வழியில், பாஸ்ராவைச் சுற்றி இரு கரையிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பேரீச்சந்தோப்பு. அங்கே தண்ணீர் பாய்ச்ச ஏற்றமும் வேண்டாம், பம்புசெட்டும் வேண்டாம். ஒரு நாளில் இரண்டு முறை கடல் பொங்கும்போது ஆற்று நீர் பின்வாங்கி மேலேறும். கரையில் வெட்டி வைத்த கால்வாய்களில் அந்த நன்னீர் தானாகவே புகுந்து மரத்தின் காலடிக்குப் போகும். கடல் வடியும்போது உப்பையும் கசடையும் கழுவிக்கொண்டு வெளியேறும். கடலின் மூச்சை வைத்து விவசாயம் பார்த்த ஊர் அது. பாஸ்ராவிலிருந்து பழம் ஏற்றிய கப்பல்கள், பண்டிகைக் காலத்துக்குள் நியூயார்க் போய்ச் சேர ஒன்றோடொன்று போட்டி போட்டு ஓடிய காலம் ஒன்று இருந்தது. நம் பக்கமும் வந்தது. பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு போன தள்ளுவண்டியை மறக்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த வண்டியில் இருந்த, பாயில் அமுக்கிக் கட்டிய கறுத்த பழம் வளைகுடா வழியாக வந்த சரக்குதான்.

1980-இல் இராக்குக்கும் ஈரானுக்கும் போர் மூண்டது. தெற்கில் இரு நாட்டு எல்லையே அந்த ஆறுதான். எட்டு வருடப் போரில் போர்முனை பல காலம் தோப்புக்குள்ளேயே இருந்தது. 1986-இல் ஈரான் ஃபாவ் முனையைப் பிடித்தது, 1988-இல் இராக் திரும்பப் பிடித்தது. பார்வைக்கு மறைக்கிறது என்று மரங்களை வெட்டினார்கள், வெட்டாததைக் குண்டு எரித்தது. பேரீச்சைக்கு உச்சியில் ஒரே ஒரு குருத்து. அது போனால் அந்தத் தண்டு போயிற்று, வேறொரு குருத்து விட்டுப் பிழைக்கும் சாமர்த்தியம் அதற்கு இல்லை. தலையில்லாத மரத்தண்டுகள் வரிசையாக நிற்கும் பாஸ்ராப் புகைப்படங்களைப் பார்த்தவர்களுக்கு, பனங்காடு பார்த்து வளர்ந்தவர்களுக்கு இன்னும் கூடுதலாக, வயிறு பிசையும். போதாததற்கு மேலே அணைகள் கட்டியதால் ஆற்றில் நீர் குறைந்தது, கடலோடு சேர்ந்து உப்பு உள்ளே ஏறியது. 1970-களில் இராக்கில் மூன்று கோடி பேரீச்சை மரங்கள் இருந்தன, 2003 வாக்கில் அதில் பத்தில் ஒரு பங்கே மிச்சம் என்று ராக்கோவிட்ஸ் சொல்வது வழக்கம். கணக்குக்குக் கணக்கு எண்ணிக்கை மாறலாம், போனது பெரும்பகுதி என்பதில் மாற்றமில்லை.

ராக்கோவிட்ஸின் தாத்தா நிசிம் ஐசக் டேவிட் பாக்தாத் யூதர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாக்தாத் மக்கள்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் யூதர். வணிகர்கள், இசைக்கலைஞர்கள், அரசு அலுவலர்கள் என்று அந்நகரத்தின் அன்றாடத்தில் ஊறியவர்கள், வீட்டில் அரபு பேசியவர்கள். 1941 ஜூனில் அவர்கள் தெருக்களில் ஒரு கலவரம் நடந்தது, நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். 1946-இல் டேவிட் குடும்பம் ஊரை விட்டுக் கிளம்பியது. நியூயார்க் வந்த டேவிட், டேவிசன்ஸ் அண்டு கோ என்ற பெயரில் ஏற்றுமதி இறக்குமதி நிறுவனம் தொடங்கினார். 1960-களில் அது மூடப்பட்டது. ஆனால் வீட்டுக்குள் பாக்தாத் மூடப்படவில்லை. தரையில் விரித்தது, சுவரில் மாட்டியது, அடுக்களையில் கொதித்தது எல்லாம் இராக்காகவே இருந்த வீடு அது என்று பேரன் சொல்கிறார். 1973-இல் பிறந்தவர் அவர். 1991-இல் பாக்தாத் மேல் குண்டு விழுவதைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது பதின்வயது. தாத்தா தஞ்சம் புகுந்த நாடு தாத்தாவின் ஊரை எரிப்பதைப் பச்சை நிறத் திரையில் பார்த்தார். நியூயார்க்கில் எல்லா நாட்டுச் சாப்பாட்டுக் கடையும் இருக்கிறது, இராக்கியக் கடை ஒன்றுகூட இல்லையே என்று அம்மா சொன்னதும் அந்த நாட்களில்தான். மகன் மனதில் விழுந்த வித்து அது.

டப்பாவைப் பார்த்தபின் அவர் ஓவியம் வரையவில்லை, சிற்பம் செய்யவில்லை. தாத்தாவின் நிறுவனத்தை அதே பெயரில் மறுபடி தொடங்கினார். 2006 இலையுதிர் காலத்தில், கிரியேட்டிவ் டைம் என்ற கலை அமைப்பின் துணையோடு, அட்லாண்டிக் அவென்யூவிலேயே டேவிசன்ஸ் அண்டு கோ பலகை ஏறியது. இராக்கில் உறவுள்ளவர்கள் அங்கே பார்சல் கொடுத்தால் இலவசமாக அனுப்பி வைப்பார்கள். இன்னொரு வேலை, இராக் பேரீச்சையை இராக் என்ற லேபிளோடே கொண்டுவந்து விற்பது. இந்தப் படைப்புக்கு அவர் வைத்த பெயர் 'ரிட்டர்ன்'.

ஹில்லா நகரத்தின் கெஸ்தாவி ரகப் பழம் ஒரு டன் வேண்டுமென்று ஒப்பந்தம் போட்டார். பழைய பாபிலோனுக்குப் பக்கத்து ஊர் ஹில்லா. கெஸ்தாவி சிறிய பழம், சாறு அதிகம், பாக்தாத்காரர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் ரகம். லாரி பாக்தாத்திலிருந்து ஜோர்டான் எல்லைக்குக் கிளம்பியது.

அது எந்த வருடம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். 2006 பிப்ரவரியில் சமாராவில் ஷியாக்களின் புனிதத் தலத்தின் பொன் கூரை குண்டில் சிதறியது. அன்றிலிருந்து ஷியா, சுன்னி தெருக்களில் தினமும் பிணம். லட்சக்கணக்கானவர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஜோர்டானுக்கும் சிரியாவுக்கும் ஓடினார்கள். அதே சாலைதான் லாரிக்கும். எல்லையில் வாகனங்களின் நீண்ட வரிசை. குடும்பங்கள் ஏறிய கார்களுக்கு நடுவே பேரீச்சை ஏற்றிய லாரி நின்றது. நாட்கணக்கில் நின்றபின் திருப்பி அனுப்பப்பட்டது. உள்ளே விட முடியாது என்ற அதே பதில்தான் வரிசையில் நின்ற மனிதர்கள் பலருக்கும் கிடைத்தது. அடுத்து சிரியா எல்லை. அங்கும் தாமதம். கடைசியில் டமாஸ்கஸ் போய்ச் சேர்ந்தபோது, வெயிலில் கிடந்து கிடந்து பழம் கெட்டுப்போயிருந்தது. ஒரு டன்னும் போயிற்று.

புரூக்ளின் கடையில் பழம் இன்னும் வரவில்லையா என்று கேட்டு ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். இராக் முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், யூதர்கள், பக்கத்துத் தெரு அமெரிக்கர்கள். லாரி இன்று எங்கே நிற்கிறது, என்ன சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்பதை ராக்கோவிட்ஸ் அன்றன்றைக்குச் சொன்னார். செய்தித்தாளில் அகதிகள் எண்ணிக்கையைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகிற நியூயார்க்வாசி, பழத்துக்காகக் கவலைப்பட்டு மறுநாள் திரும்பி வந்து விசாரித்தார். பழத்தைப் பற்றி விசாரிக்கப் போய், அந்த வரிசையில் நின்றவர்களைப் பற்றியும் தெரிந்துகொண்டார். எனக்கு இந்தக் கலைஞரின் படைப்புகளிலேயே பெரியது இதுதான். பின்னால் வந்த பிரம்மாண்டமான சிற்பத்தின் படத்தை உலகம் முழுவதும் போட்டார்கள். ஆனால் எல்லையில் நின்ற அந்த லாரியை ஒருவரும் காட்சிக்காக அங்கே நிறுத்தவில்லை. போர் என்ன செய்கிறது என்பதை ஒரு லாரிப் பழம் தன் உடம்பில் வாங்கிக் காட்டியது. அழுகிப் போனதும் அந்தப் படைப்பின் பகுதிதான்.

காத்திருந்த நாட்களில் கடை காலியாகக் கிடக்கவில்லை. கலிபோர்னியாப் பேரீச்சை விற்றார்கள், அதுவும் பாதி இராக்தான். பேரீச்சையைக் கொட்டை போட்டு வளர்த்தால் தாய்மரத்தின் ருசி வராது, பாதிக் கன்றுகள் காய்க்காத ஆண் மரமாகவும் போய்விடும். தாய்மரத்தின் அடியில் முளைக்கும் பக்கக்கன்றைப் பெயர்த்து நட வேண்டும். 1912, 1913 வாக்கில் பால் போப்பனோ என்ற அமெரிக்கர் அல்ஜீரியாவிலும் பாஸ்ராப் பக்கமும் அலைந்து ஆயிரக்கணக்கான கன்றுகளைக் கப்பலேற்றி கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனார். பர்ஹி, ஹலாவி, கத்ராவி என்று இன்று அங்கே காய்க்கும் ரகங்கள் இப்படிப் பக்கக்கன்றுகளாகப் போனவை. பக்கக்கன்று தாய்மரத்தின் உடம்பிலிருந்தே பிரிந்தது என்பதால், கலிபோர்னியாப் பாலைவனத்தில் நிற்கும் பர்ஹி, பாஸ்ராவில் குண்டுபட்டுச் சாய்ந்த பர்ஹியின் அதே உயிர்தான். ஊரை விட்டுப் போனதால் பிழைத்த கிளை. டேவிட் குடும்பமும் அப்படித்தானே.

டிசம்பரில் ஒரு வழியாகச் சரக்கு வந்தது. ஒரு டன் அல்ல, விமானத்தில் ஏற்றிய பத்துப் பெட்டி. நியூயார்க் விமான நிலையத்தில் சுங்கமும் உணவுத் துறையும் சோதித்து முடிக்கும்வரை அதுவும் காத்துக் கிடந்தது. பெட்டியின் மேல் இராக் என்று அச்சாகியிருந்தது. கடை திறந்ததே அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். வந்தவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு பிரித்துக் கொடுத்தார்கள். இராக்கில் பிறந்த குழந்தையின் வாயில் முதலில் பேரீச்சையைத் தொட்டு வைப்பார்கள், நம் ஊரில் சேனை வைப்பது போல. நாக்கு முதலில் அறிகிற ருசி இனிப்பாக இருக்கட்டும் என்று. அந்த ருசியைத் தேடி இருபது முப்பது வருடமாக அந்நிய ஊரில் கிடந்தவர்களுக்கு இரண்டு பழம் என்பது இரண்டு பழம் அல்ல.

பழம் தீர்ந்தது, டப்பா மிஞ்சியது. அந்த டப்பாவுக்கு அடுத்த வேலை ஒரு கொள்ளையிலிருந்து வந்தது. 2003 ஏப்ரலில் பாக்தாத் வீழ்ந்த நாட்களில் இராக் தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. ஏறக்குறைய 15,000 பொருட்கள் போயின. சில மீண்டன, 7,000-க்கும் மேல் இன்னும் காணவில்லை. அதன் இயக்குநராக இருந்த டோனி ஜார்ஜ், மிரட்டல்களுக்குப் பிறகு 2006-இல் குடும்பத்தோடு நாட்டை விட்டு வெளியேறி, கடைசியில் நியூயார்க்கில் பேராசிரியரானார். காணாமல் போன பொருட்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்வது என்று 2007-இல் ராக்கோவிட்ஸ் இறங்கினார். மூலப்பொருள் என்ன தெரியுமா? பேரீச்சை டப்பா, டீத்தூள் பொட்டலம், மிட்டாய்த் தாள், அரபுச் செய்தித்தாள். சுமேரியச் சிலையின் தோளில் பேரீச்சை பிஸ்கட்டின் பெயர் தெரியும். பளிங்கு என்று ஏமாற்ற அவருக்கு விருப்பமில்லை. போனது போனதுதான், இது அதன் ஆவி என்கிறார். மூலம் தொலைந்தபின் அச்சு அசலாக நகல் செய்து வைத்தால், தொலைத்தவர்களுக்கு வசதியாகப் போய்விடும். இந்தத் தாளும் தகரமும் அந்த வசதியைத் தருவதில்லை.

2011-இல் டப்பாவுக்குள் இருந்த பாகு, ராக்கோவிட்ஸின் இன்னொரு படைப்பாக, நியூயார்க்கின் ஆடம்பர உணவகம் ஒன்றின் மேசைக்கு வந்தது. மான் இறைச்சியோடு பேரீச்சைப் பாகும் எள் விழுதும். பரிமாறிய தட்டுகள் சதாமின் அரண்மனையிலிருந்து கொள்ளை போய் இணையத்தில் ஏலத்துக்கு வந்தவை. செய்தி பரவியதும் இராக் அரசு தட்டுகளைக் கேட்டது, அவை ஊர் திரும்பின. எள் விழுதில் பேரீச்சைப் பாகை ஊற்றிக் குழைத்து ரொட்டியில் தொட்டுச் சாப்பிடுவது இராக்கியர்களின் சாதாரணக் காலை உணவு. ஏழையும் சாப்பிடுவது.

பிறகு லண்டன். டிராஃபல்கர் சதுக்கத்தின் ஒரு மூலையில் சிலையில்லாமல் விடப்பட்ட பீடம் ஒன்று உண்டு. அதில் காலத்துக்குக் காலம் ஒரு புதுச் சிற்பம் நிற்கும். 2018 மார்ச் 28 அன்று அங்கே ராக்கோவிட்ஸின் லமாசு ஏறியது. மனிதத் தலை, காளை உடல், விரிந்த சிறகு கொண்ட அசீரியக் காவல் தெய்வம். மோசுல் நகரத்தை ஒட்டிய நினிவேயின் நெர்கல் வாசலில் ஏறத்தாழ 2,700 வருடம் நின்ற லமாசுவை ஐஎஸ் அமைப்பினர் 2015-இல் இயந்திரத்தால் முகம் சிதைத்து உடைத்தார்கள். லண்டனில் நின்ற லமாசு 10,500 பேரீச்சைப் பாகு டப்பாக்களால் ஆனது. தகரத்தை வெட்டி, விரித்து, எஃகுச் சட்டத்தின் மேல் செதில் செதிலாகப் பதித்திருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கம்பீரமான காளை. கிட்டே போனால் லேபிள்கள், அரபு எழுத்துகள், பேரீச்சை மரப் படங்கள். வெயில் பட்டால் தகரம் பளபளக்கும், லண்டன் மழையில் சொட்டும்.

அதே சதுக்கத்தில் ஜெனரல் ஹேவ்லாக்கின் சிலையும் இருக்கிறது. 1857-இல் லக்னோவுக்குப் படை நடத்திப் போனவர் என்று நாம் அறிந்தவர், அந்தமானில் ஒரு தீவுக்குப் பெயராக இருந்தவர். லக்னோவுக்கு வருவதற்குச் சில மாதம் முன்புதான் ஷத்-அல்-அரப் கரையில், பேரீச்சந்தோப்புகளுக்கு நடுவே இருந்த முகம்மரா கோட்டையைத் தாக்கிய ஆங்கிலப் படையில் அவர் ஒரு தளபதி. இராக் பேரீச்சை டப்பாக்கள் 160 வருடம் கழித்து அவர் நிற்கும் சதுக்கத்துக்கே வந்து நின்றதை யாரும் திட்டமிட்டிருக்க முடியாது. ஆனாலும் நின்றது.

2019-இல் ராக்கோவிட்ஸ் ஒரு சமையல் புத்தகம் கொண்டுவந்தார். கிளாடியா ரோடன், ஒட்டோலெங்கி போன்ற பெயர்பெற்ற சமையல்காரர்களும் அவர் அம்மாவும் பேரீச்சைப் பாகு சேர்த்த குறிப்புகள் கொடுத்தார்கள். டப்பாவை வெட்டி ஒட்டியதோடு நின்றிருந்தால் பாகு வீணாகியிருக்கும் என்பதால் இது எனக்குப் பிடித்த முடிவு. 2020 மார்ச்சில் பீடத்தின் தவணை முடிந்து லமாசு இறங்கியது.

இறங்கிய சிற்பம் எங்கே போவது? பணக்காரர் ஒருவரின் தோட்டத்துக்கு அதை விற்றிருக்கலாம். 2023-இல் ராக்கோவிட்ஸ் ஒரு நிபந்தனை வைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அசீரியாவிலிருந்து தோண்டியெடுத்து லண்டனுக்குக் கொண்டுவந்த உண்மையான கல் லமாசுகள் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை இராக்குக்குத் திருப்பிக் கொடுங்கள், என்னுடையதை டேட் மாடர்ன் அருங்காட்சியகத்துக்குத் தருகிறேன் என்றார். தகரக் காளை லண்டனில் இருக்கட்டும், கல் காளை ஊருக்குப் போகட்டும் என்பது அவர் கேட்டது.